மதிலைத் தாண்டிப் போகும் லைன்

கருமாதி முடிந்த மறு வாரமே ரஞ்சனி வேலையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்காக அவள் எங்கும் போக வேண்டியதில்லை. செஞ்சிக் கோட்டையின் வெளி மதிலுக்கு அப்பால், நிலக்கடலை விளையும் கொல்லிகளுக்கு நடுவே அவள் வீடு இருந்தது. அதன் உள்ளறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் லேப்டாப். அவ்வளவுதான் ஆபீஸ்.

மளிகையும் காய்கறியும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஒரு சென்னைக் கம்பெனிக்கு அவள் வேலை செய்தாள். பொருள் கெட்டுப்போய் வந்தது, குறைந்து வந்தது, வரவே இல்லை என்று ஆட்கள் செயலியில் எழுதுவார்கள். மதியத்திலிருந்து இரவுச் சாப்பாட்டு நேரம்வரை அவர்களுக்கு உடனுக்குடன் பதில் எழுத வேண்டும்.

"தக்காளி மொத்தமும் நசுங்கிப் போச்சு. இத மனுஷன் தின்னுவானா?" என்று யாரோ ஒருவர் எழுதுவார்.

"மன்னிக்கவும். உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்று அவள் தட்டுவாள்.

துக்கம் கேட்க வந்தவர்களும் அவளிடம் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவளும் தலையாட்டியிருந்தாள். முதல் இரண்டு நாள் அழுதாள். அதற்குப் பிறகு யாரோ உள்ளே போய் மெயினை அணைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. சோறு சாப்பிட்டாள், உப்பு போட்டோமா இல்லையா என்று தெரியவில்லை. கொல்லியில் மயில் கத்தினால் காதில் விழுந்தது, அவ்வளவுதான். வேலையில் உட்கார்ந்தால் மட்டும் விரல்கள் தாமாக ஓடின. அதனால்தான் உட்கார்ந்தாள். "புருஷன் போயி ஈரம் காயல, அதுக்குள்ள பொட்டியத் தொறந்துட்டா" என்று தெருவில் ஒருத்தி சொன்னது அவள் காதுக்கும் வந்தது. அதுவும் மயில் கத்தியது போலத்தான் வந்து போனது.

அவள் கணவன் வெற்றிவேல் எலெக்ட்ரீஷியன். மோட்டார் பழுது பார்க்கப் போவான், புது வீடுகளுக்கு ஒயரிங் செய்வான். சித்திரை மாதக் கடைசியில் திண்டிவனம் ரோட்டில் அவன் பைக்கை ஒரு லாரி அடித்துவிட்டது. கல்யாணமாகி நான்கு வருஷம். பிள்ளை இல்லை. வெற்றிவேலின் அப்பா அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டவர்கள். மிச்சம் இருந்தது ஒரே ஓர் அண்ணன், அரங்கநாதன். அவர் மதிலுக்கு இந்தப் பக்கம், திருவண்ணாமலை ரோட்டின் மேலேயே வீடு கட்டிக்கொண்டு மனைவி அமிர்தவல்லியோடு இருந்தார்.

ரஞ்சனியின் சொந்த ஊர் வல்லம். கருமாதி அன்றைக்கே அவள் அண்ணன் இனியன் பேச்சை எடுத்தான்.

"ஒண்டியா இந்தக் கொல்லிக்கு நடுவுல இன்னா பண்ணப் போற? வூட்டுக்கு வந்துடு. மாடியில ரூம் சும்மாத்தான் கெடக்குது."

"வேல இருக்குதுண்ணா."

"அந்த வேலைய அங்க வந்து பாரேன்."

"அங்கதான் லைனே கெடையாதே. போன்ல படம் பாக்கவே சுத்திக்கினு இருக்கும்."

இனியன் சொன்னான்: "சரி. வேல இருக்குற வரைக்கும் இரு. நான் வாயத் தொறக்க மாட்டேன். வேல போச்சின்னு வையி, அன்னிக்கே வண்டி எடுத்தாந்து கூட்டிக்கினு போயிடுவேன். அப்ப இன்னாத்துக்கு, ஏதுக்குன்னு கேக்கக் கூடாது."

அவள் சரி என்றாள். அந்த மாடி அறை அவளுக்குத் தெரியும். பாதி அறையில் நெல் மூட்டை அடுக்கியிருக்கும். அண்ணி கெட்டவள் இல்லை. நேரத்துக்குச் சோறு போடுவாள், தீபாவளிக்குப் புடவை எடுப்பாள். ஆனால் ஒருதரம் அந்த மாடிக்கு ஏறிவிட்டால் திரும்ப இறங்கி வர ஒரு காரணமும் இருக்காது. இங்கேயே இருக்க ஆசையா என்று கேட்டிருந்தால் ரஞ்சனிக்குப் பதில் தெரிந்திருக்காது. ஆசை என்பதே கைக்கு அகப்படவில்லை. அந்த அறைக்குப் போகக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. போகாமல் இருக்க வேலை வேண்டும். வேலை இருக்க இன்டர்நெட் வேண்டும்.

அந்த இன்டர்நெட் அவள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

ரஞ்சனியின் வீட்டுக்கும் ஊருக்கும் நடுவே மலை நிற்கிறது. ஊரில் இருக்கிற செல்போன் டவர் எதுவும் அவள் வீட்டைப் பார்க்காது. மொட்டை மாடியின் ஒரு மூலைக்குப் போனால் ஒரு கோடு சிக்னல் வரும், பேச முடியும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. கேபிள் லைன் திருவண்ணாமலை ரோட்டோடு போகிறது. அதில் இருந்து இழுக்கலாம் என்றால் குறுக்கே கோட்டை மதில், மதிலை ஒட்டி அகழி. அங்கே பள்ளம் தோண்டவும் முடியாது, கம்பம் நடவும் முடியாது. மதிலைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வர வேண்டும் என்றால் ஒரு வீட்டுக்காக யார் அவ்வளவு ஒயர் போடுவார்கள்?

அவளுக்கு வேலை கிடைத்த புதிதில் வெற்றிவேல் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தான். கேபிள் லைனை அண்ணன் வீட்டுக்கு வாங்குவது. அங்கிருந்து மதிலுக்கு மேலே காற்றிலேயே அனுப்புவது. வீட்டில் இருக்கும் வைஃபை பெட்டி குண்டு பல்பு மாதிரி, நாலு பக்கமும் வெளிச்சம் போகும், ஆனால் தூரம் போகாது. டிஷ் ஆன்டெனா டார்ச் லைட் மாதிரி. இருக்கிற வெளிச்சத்தை எல்லாம் ஒரே பக்கமாகக் குவித்து அனுப்பும். அண்ணன் வீட்டு மாடியில் ஒன்று, தன் வீட்டு மாடியில் ஒன்று, இரண்டும் ஒன்றை ஒன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும், நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

மாட்டிய அன்று அரங்கநாதன் அந்த மாடியில் நின்று எவர்சில்வர் தட்டால் வெயிலைத் திருப்பி அடித்தார். வெற்றிவேல் இந்த மாடியில் நின்று அந்தப் பளபளப்பைப் பார்த்து டிஷ்ஷைத் திருப்பினான். ரஞ்சனியின் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தான். அதில் ஒரு நம்பர் வரும். "அறுபதத் தாண்டாம இருந்தா ராணி மாதிரி வேல பாக்கலாம். எழுவத்தஞ்சத் தாண்டிச்சின்னா லைன் மூச்சு வாங்குது, எண்பது வந்துச்சின்னா செத்துப் போச்சின்னு அர்த்தம்" என்று சொல்லி வைத்தான். அந்த வருஷம் முழுக்க நம்பர் ஐம்பத்தெட்டிலேயே நின்றது.

அவன் போன பிறகு, வைகாசி அமாவாசை கழிந்து லைன் முதல்முதலாக அறுந்தது.

ஒரு அம்மாளுக்கு முட்டை உடைந்து வந்துவிட்டது. அவள் கோபமாக எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்தது. திரும்ப வரும்போது அந்த அம்மாள் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போயிருந்தாள். மறுநாளும் அப்படியே. ரஞ்சனி மாடி மூலைக்குப் போய் குருவுக்குப் போன் செய்தாள். குரு செஞ்சியில் கேபிள் வேலை பார்ப்பவன், வெற்றிவேலின் கூட்டாளி. அவன் அன்று மாலையே வந்து ஏணி போட்டு ஏறினான். டிஷ்ஷுக்குப் பின்னால் கட்டியிருந்த குளவிக்கூட்டைத் தட்டினான். நட்டு போல்ட்டை முறுக்கினான். கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படித் திருப்பிப் பார்த்தான்.

"இங்க ஒண்ணும் கோளாறு இல்ல அண்ணி. நம்பர் எழுவத்திமூணு காட்டுது. அந்தப் பக்கம்தான் எதுனா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அங்கிருந்தே அரங்கநாதனுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் வைத்தான்.

"அண்ணே, டிஷ்ஷ யாராச்சும் திருப்பி கிருப்பி வுட்டாங்களா?"

"எவன் திருப்புவான்? நான் தெனம் காலைல மாடிக்குப் போயி பாத்துட்டுதான் வரேன். வெச்சது வெச்ச மாதிரி இருக்குது."

"முன்னால மரம் எதுனா வளந்துருக்கா?"

"நம்ம பக்கம் இன்னாடா மரம்? பாறதான் இருக்குது. பாற வளருமா?"

குரு சிரித்தான். "வளந்தா சொல்லுண்ணே" என்றான். ரஞ்சனியைப் பார்த்து, "ஒருதரம் நேர்ல போயி பாத்துட்றேன் அண்ணி" என்றான். போகவில்லை. அவனுக்கு மைக்செட் தொழிலும் உண்டு. ஆனி பிறந்ததும் ஆடித் திருவிழாக்களுக்கு அட்வான்ஸ் வாங்க ஆரம்பித்துவிட்டான். ஆடி வந்தால் ஒவ்வொரு ஊர் அம்மன் கோயிலிலும் கூழ் ஊற்றுவார்கள், அவனைப் பிடிக்கவே முடியாது.

இதில் ஒரு வேடிக்கை, லைன் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது. நம்பர் எழுபதுக்கு வந்தது, அறுபத்தாறுக்கு வந்தது. ரஞ்சனி அதைப் பற்றி யோசிக்கவில்லை. சரியானது என்றால் சரியானது. பிறகு ஆனி அமாவாசை வந்தது. இந்த முறை எழுபத்தாறு. அரை மணிக்கு ஒருதரம் அறுந்தது.

அவள் அரங்கநாதனுக்கே போன் செய்தாள்.

"மாமா, லைன் திரும்பவும் மோசமா இருக்குது. அங்க டிஷ்ஷு நல்லா இருக்குதா?"

"டிஷ்ஷு ஜம்முனு இருக்குது கண்ணு." அவர் குரலைத் தாழ்த்தினார். "ரொம்ப மோசமா இருக்குதா?"

"ஆமா மாமா. இப்பிடியே போனா வேல நெலைக்காது."

"அப்பிடியா சேதி? நான் பாத்துக்கிறேன். நீ கவலைப்படாத."

என்ன பார்த்துக்கொள்வார் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. அந்த வார வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நம்பர் எண்பத்தொன்றைத் தொட்டது. ஆடி பிறந்து காற்றும் கிளம்பியது. லைன் இருக்கிறது, இல்லை, இருக்கிறது, இல்லை என்று ஊஞ்சல் ஆடுவது போல ஆடியது.

சென்னையில் இருந்து டீம் லீடர் பாரதி கூப்பிட்டாள். ரஞ்சனியைவிடச் சின்னப் பெண்தான்.

"ரஞ்சனி, உங்க நிலைமை எனக்குப் புரியுது. நிஜமாவே புரியுது. ஆனா இந்த வாரம் மட்டும் எத்தனை வாட்டி லாகவுட் ஆயிருக்கீங்க பாருங்க. மேல கேக்கறாங்க. திங்கக்கிழமைக்குள்ள சரியாகலன்னா உங்க ஐடிய க்ளோஸ் பண்ணிடுவாங்க. என் கையில இல்லங்க."

"புரியுது" என்றாள் ரஞ்சனி. அவளுக்கே அந்த வார்த்தை யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

போனை வைத்த பிறகு அவள் வெகுநேரம் அப்படியே நின்றாள். பயம் வரும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. வரவில்லை. பயத்துக்குப் பதிலாக அந்த மாடி அறையும் நெல் மூட்டைகளும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அவ்வளவு தெளிவாக வேறு எதுவும் அந்த மூன்று மாதத்தில் அவளுக்குத் தெரிந்ததில்லை.

அந்தப் பக்கத்து டிஷ்ஷை அவளே போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு தடை இருந்தது. புருஷனை இழந்தவள் ஆறு மாதத்துக்கு இன்னொரு வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். ரஞ்சனி அதை நம்பினாள் என்றும் இல்லை, நம்பவில்லை என்றும் இல்லை. சொன்னார்கள், இருந்தாள். அரங்கநாதனும் அவள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. தம்பி இல்லாத வீட்டுக்குத் தான் போய் நின்றால் ஊர் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும். ஆக, மதிலுக்கு இரண்டு பக்கமும் இருந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டிருந்தது அந்த லைன் ஒன்றுதான். அதுவும் பாதி நேரம் செத்துக் கிடந்தது.

சனிக்கிழமை காலை அவள் மினி பஸ் ஏறினாள். பஸ் மதிலைச் சுற்றி, ஊருக்குள் போய்த் திரும்பி, திருவண்ணாமலை ரோட்டில் அரங்கநாதன் வீட்டுக்கு எதிரே நின்றது.

அமிர்தவல்லி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ரஞ்சனியைப் பார்த்ததும் கீரைத் தண்டோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏண்டி, இன்னா இது? சொல்லாம கொள்ளாம? ஆறு மாசம் ஆவலியேடி!"

"தெரியும்க்கா. மாடிக்குப் போவணும். டிஷ்ஷப் பாத்துட்டு அப்பிடியே போயிடறேன்."

அமிர்தவல்லி ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். வாசற்படியைப் பார்த்தாள். ரஞ்சனியின் முகத்தைப் பார்த்தாள். ரஞ்சனி இளைத்துப்போயிருந்தாள், கழுத்தெலும்பு தெரிந்தது. அமிர்தவல்லியின் மூளை வேகமாக வேலை செய்தது.

"இந்தா, வாசப்படிய மிதிக்காத. மாடிப்படி வெளியிலதான இருக்குது? அப்பிடியே சுத்திக்கினு ஏறிடு. மாடிப்படி வூட்டுல சேத்தி இல்ல."

"மாடி?"

"மாடி வானத்துல சேத்தி. ஏறுடி, கேள்வி கேட்டுக்கினு."

ரஞ்சனி ஏறினாள். மாடியில் கடலைக்காய் காயப்போட்டிருந்தது. அதை மிதிக்காமல் ஓரமாகப் போனாள். கைப்பிடிச் சுவரின் மூலையில் இரும்புக் குழாய், அதன் உச்சியில் டிஷ். டிஷ்ஷுக்கு முன்னால் இரண்டு பூசணிக்காய்கள் தொங்கின.

திருஷ்டிப் பூசணிக்காய். குழாயின் தலையில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டி, டிஷ்ஷின் முகத்துக்கு நேராக வருமாறு கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்று ஆனி அமாவாசைக்குக் கட்டியது போல, கொஞ்சம் வாடியிருந்தது. இன்னொன்று புதுசு, ஒரு குடம் அளவுக்கு இருந்தது. இரண்டிலும் முகம் வரைந்திருந்தது, உருட்டிய கண், வெளியே தொங்கும் சிவப்பு நாக்கு, முறுக்கு மீசை. மீசை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. படிகாரமும் மிளகாயும் எலுமிச்சம்பழமும் சேர்த்துக் கட்டியிருந்தது. காற்றடிக்கும்போது இரண்டும் மெதுவாக ஆடி, ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டன.

ரஞ்சனி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு போனை எடுத்துச் செயலியைத் திறந்தாள். எழுபத்தொன்பது. இடது கையால் பெரிய பூசணிக்காயைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தாள். கனமாக இருந்தது. எழுபது. முழங்கையால் சின்னதையும் ஒதுக்கினாள். ஐம்பத்தொன்பது. ஒரு கணம் தள்ளி, ஐம்பத்தெட்டு. கையை விட்டாள். பூசணிக்காய்கள் ஆடிக்கொண்டே வந்து பழைய இடத்தில் நின்றன. எண்பது.

பூசணிக்காய் என்பது தோல் போட்ட தண்ணீர்தான். வைஃபை அலை சுவரைக்கூடக் கொஞ்சம் தாண்டும், தண்ணீரைத் தாண்டாது. காய் வாட வாட லைன் சரியானதும், அமாவாசைக்கு அமாவாசை புதுக்காய் கட்டியதும் லைன் செத்ததும் இதனால்தான். அவள் போன் செய்து முறையிட்டபோது அரங்கநாதன் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் இதைத்தான்.

இன்னொருதரம் பிடித்து ஒதுக்கினாள். ஐம்பத்தெட்டு. இந்த முறை விடவில்லை. கை வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்தது. உள்ளங்கையில் பூசணியின் சாம்பல் ஒட்டிக்கொண்டது, குளிர்ச்சியாக இருந்தது. அதுவும் தெரிந்தது.

"அத எடுக்காத கண்ணு."

அரங்கநாதன் கொல்லியில் இருந்து வந்து, மனைவி சொல்லி ஏறி வந்திருந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். அவளுக்குச் சற்றுத் தள்ளியே நின்றார்.

"இது எப்பலேர்ந்து மாமா?"

"வைகாசிலேர்ந்து. ஒவ்வொரு அமாவாசைக்கும் மாத்துறேன். நீ லைன் மோசம்னு சொன்னியா, சரி, கண்ணு பலமா வுழுந்துருக்குதுன்னு இன்னொண்ணும் கட்டினேன். மொதல்ல கட்டினது சின்னக் காயி, பத்தலன்னு இந்தப் பெருச மேல்சித்தாமூரு சந்தைக்காரன்கிட்ட தேடி வாங்கினேன்."

கீழே இருந்து அமிர்தவல்லியின் குரல் கேட்டது. "மீசை நான் வேணாம்னு சொன்னேன்டி! மனுஷன் கேக்கல!"

"நீ சும்மா இரு" என்றார் அவர் சுவருக்கு அப்பால் பார்த்து.

"ஏன் மாமா டிஷ்ஷுல கட்டினீங்க? வாசல்ல கட்டலாம் இல்ல?"

அவர் துண்டை ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அவர் பார்வை டிஷ் பார்க்கும் பக்கமே போனது. மதில் தெரிந்தது, மதிலின் மேல் முளைத்த புதர் தெரிந்தது, அதற்கும் அப்பால் கொல்லிகள், ஒரு சின்ன வெள்ளைச் சதுரமாக அவள் வீடு.

"வாசல்ல கட்டினா அது எங்க வூட்டுக்கு. இது நேரா உன் வூட்டத்தான பாக்குது? வெற்றிதான் சொல்லுவான், இங்க இருக்கறது அப்பிடியே அங்க போயிடும்ணான்னு. அதான் இங்க கட்டினா உனக்குப் போய்ச் சேரும்னு..." அவர் நிறுத்தினார். "நான் அங்க வர முடியுமா? வந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவான். நீ அங்க ஒண்டியா கெடக்குற. நான் இன்னா பண்ணட்டும்?"

அழுகை வருகிறதா என்று ரஞ்சனி பார்த்தாள். அழுகை இல்லை, பாதி வழியில் நின்ற எதுவோ. காற்றில் பெரிய காய் திரும்பி, கோணல் மீசையோடு அவளைப் பார்த்தது.

இவரிடம் எப்படிச் சொல்வது? உங்கள் பூசணிக்காய்தான் என் வேலையைச் சாப்பிடுகிறது என்று சொல்லலாம். சொன்னால் அவிழ்த்துவிடுவார். அவிழ்த்துவிட்டு, இத்தனை நாளும் தம்பி பெண்டாட்டிக்குக் கெடுதல் செய்தோம் என்று உட்கார்ந்துவிடுவார். சொல்லாமல் போனால் திங்கட்கிழமை இனியன் வண்டியோடு வந்து நிற்பான்.

அவள் போனை நீட்டினாள். "இந்த நம்பரப் பாருங்க மாமா. எண்பது. இப்ப அதக் கொஞ்சம் ஒதுக்குங்க."

அவர் தயங்கி வந்தார். இரண்டு கையாலும் இரண்டையும் பிடித்து ஒதுக்கினார்.

"இப்ப?" என்றார்.

"அம்பத்தெட்டு. கொறஞ்சா நல்லது. வெற்றி வெச்சப்ப இதான் இருந்துச்சு."

அவர் காய்களைப் பிடித்தபடியே நின்றார். முகம் சுருங்கியது. ஒருதரம் விட்டுப் பார்த்தார். நம்பர் ஏறியது. திரும்பப் பிடித்தார். இறங்கியது.

"அப்ப நாந்தானா?" என்றார்.

"தண்ணிக்காயி மாமா. அது தாண்டாது. உங்களுக்கு எப்பிடித் தெரியும்? குருவுக்கே தெரியல. மரம் இருக்குதான்னு கேட்டான், நீங்க இல்லன்னீங்க. பூசணிக்கா இருக்குதான்னு எவன் கேப்பான்?"

அவர் சிரிக்கவில்லை. மூங்கிலைப் பார்த்தார். "பின்னால கட்டினா ஆவுமா?"

"லைனுக்கு ஒண்ணும் இல்ல."

"பின்னால கட்டினா அது ரோட்டத்தான் பாக்கும். உனக்கு இன்னா பிரயோசனம்?" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். இடுப்பில் இருந்து சூரிக்கத்தியை எடுத்தார். எடுத்தவர் அறுக்காமல் நின்றார். ரஞ்சனி அவர் கையைப் பார்த்தாள். பத்து மணி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இவர் அறுத்துவிட்டால் வேலை நிலைக்கும். அறுத்த பிறகு இவர் காலையில் மாடிக்கு ஏறி வந்து எதைப் பார்ப்பார்?

"மாமா, வேற காயி இருக்குதா? புதுசா?"

"ஆடி அமாவாசைக்குன்னு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். ஏன்?"

"அதக் குடுங்க. நானே எடுத்துக்கினு போயி என் வாசல்லயே கட்டிக்கிறேன். நேராவே வந்து சேந்துடும் இல்ல? நடுவுல மதிலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு கயிற்றை அறுத்தார். பெரிய காய் கனத்தோடு அவர் மார்பில் வந்து சாய்ந்தது. ஒருதரம் கட்டிய காயைத் திரும்பக் கட்டக் கூடாது என்பதால் இரண்டையும் முச்சந்திக்குக் கொண்டுபோய் உடைத்துவிட்டு வந்தார். அமிர்தவல்லி புதுக்காயை ஒரு கட்டைப்பையில் போட்டு, அடுப்புக்கரியையும் குங்குமத்தையும் தாளில் மடித்து வைத்து, மாடிப்படியின் கடைசிப் படியிலேயே ரஞ்சனியிடம் கொடுத்தாள்.

"முகத்த நீயே வரஞ்சிக்க. இந்த மனுஷன்கிட்ட குடுத்தா மாப்பிள்ள மாதிரி வரைவாரு. திருஷ்டி ஓடாது, பொண்ணு குடுக்க வரும்."

ரஞ்சனியின் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. அமிர்தவல்லி அதைப் பார்த்துவிட்டு, கீரையை எடுத்துக்கொண்டு அவசரமாக உள்ளே போய்விட்டாள்.

மினி பஸ்ஸில் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். "இன்னாம்மா, கொழந்தைக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்றான் கண்டக்டர். அவளை யாரென்று அவனுக்குத் தெரியாது. அவள் ஒரு டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தாள். வேலை நேரத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, வாசல் கொக்கியில் காயைக் கட்டினாள். முகம் வரையவில்லை. அப்புறம் வரைந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பிறகு லேப்டாப்பைத் திறந்தாள். வெண்டைக்காய் முற்றிப்போய் வந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அன்று லைன் அறுந்துபோகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அறுந்துபோகவில்லை. திங்கட்கிழமை பாரதி கூப்பிட்டு, "சூப்பர், இப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க" என்றாள். அதற்குப் பிறகு ஐடியை மூடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. இனியன் போன் செய்து, "இன்னா, வரட்டுமா?" என்று கேட்டான். "வேல இருக்குதுண்ணா" என்றாள். "சரி" என்று வைத்துவிட்டான். அவளுக்குச் சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை. சாதம் வடித்து, ரசத்தில் உப்பைத் தொட்டுப் பார்த்தாள். குறைவாக இருந்தது. கொஞ்சம் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் இருந்த போன் அடித்தது. அறைக்குள் டவர் சிக்னல் எட்டாது. வைஃபையில்தான் அந்த அழைப்பு வந்திருந்தது. அரங்கநாதன்.

"ரஞ்சனி, நம்பர் இன்னா?"

"நம்பரா?"

"அந்த நம்பரும்மா. அன்னிக்குக் காட்டினியே. இன்னிக்கு இன்னா காட்டுது?"

"நீங்க பேசறதே அந்த லைன்ல தான் மாமா. நீங்க பேசறது எனக்குக் கேக்குதுன்னா லைன் நல்லா இருக்குதுன்னுதான் அர்த்தம்."

"அது இருக்கட்டும். நீ நம்பரச் சொல்லு."

அவள் செயலியைத் திறந்தாள். "அம்பத்தெட்டு."

"அம்பத்தெட்டா? சரி." பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. அவர் மாடியில் நின்றுதான் பேசுகிறார் என்று தெரிந்தது. "நாளைக்கும் கேப்பேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மறுநாள் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்பதில்லை. நம்பர் மட்டும்தான். மழைக் காலத்தில் ஒருநாள் அறுபத்திரண்டு என்று சொன்னபோது, "ஏன், இன்னா ஆச்சு?" என்று பதறினார். "தூறல் மாமா, நின்னா எறங்கிடும்" என்றாள். நிற்கும்வரை அவர் போனை வைக்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் மதிலுக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு மழை விடுவதற்காகக் காத்திருந்தார்கள்.